அவரையும் எடு

அர்த்தநாரி தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று முகத்தைக் காட்டினார். கதவு திறக்கவில்லை.

முகக்கதவுகள் முரண்டு பிடிப்பது ஒன்றும் புதிதல்ல. பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர்களை அரை நாள் வாசலிலேயே காக்கவைத்த கதவுகள் ஈரோட்டில் ஏராளம். ஆனால் அப்போதெல்லாம் கதவு, "முகம் பொருந்தவில்லை" என்று மரியாதையாகச் சொல்லும். இன்று அதைக்கூடச் சொல்லவில்லை. கீரைக்கட்டைக் கை மாற்றிக்கொண்டு, "ஏ கதவு, நாந்தான், தெற" என்று அவர் சத்தம் போட்டதும், அது தன் இனிய பெண்குரலில் வீட்டுக்குள் அறிவித்தது:

"வாசலில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. ஆள் யாரும் இல்லை."

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பிரபாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தியோடு வந்து கதவைக் கையால் இழுத்துத் திறந்தாள். கணவர் முழுசாக, வியர்த்து விறுவிறுத்து, கீரையோடு நின்றார்.

"ஏனுங்க, நீங்களா? கதவு ஆளே இல்லீங்குது!"

"கதவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. கம்பெனிக்காரனக் கூப்புடு" என்றபடி உள்ளே வந்தார்.

கூப்பிடலாம் என்று அவரே பைக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்தார். அது முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினார். மறுபடியும் காட்டச் சொன்னது. கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார், ஜன்னலோரம் போய்க் காட்டினார், அசட்டுத்தனமாகச் சிரித்தும் காட்டினார். "கேமராவுக்கு முன்னால் யாராவது வரவும்" என்றது கைப்பேசி.

கதவும் கைப்பேசியும் ஒரே நாளில் கெட்டுப் போகுமா என்று இருவரும் யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் நிறைமதி அழைத்தாள். கல்யாணமாகிப் புனேவுக்குக் குடிபோய் இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தினமும் இந்த நேரத்துக்கு முகம் பார்த்துப் பேசுவாள். சுவர்த்திரையில் அவள் முகம் தெரிந்ததும் கணவனும் மனைவியும் வழக்கம்போல் சோபாவில் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"அப்பா எங்கம்மா?"

"இங்கதான் கண்ணு, பக்கத்துல" என்றாள் பிரபாவதி.

"பக்கத்துலயா? சோபாதான் தெரியுது."

"ஏஞ்சாமி, இங்கதான் உக்காந்திருக்கறேன்" என்றார் அர்த்தநாரி.

புனேவில் இருந்தவள் வீறிட்டாள். அவளுக்குத் தெரிந்தது இதுதான்: அம்மா இருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் சோபா மெத்தை ஆள் உட்கார்ந்தது போல் அமுங்கியிருந்தது. அந்தப் பள்ளத்துக்கு மேலே பூப்போட்ட சாய்வு உறை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் தெரிந்தது. அங்கிருந்து அப்பாவின் குரல் வந்தது.

அர்த்தநாரி தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிரபாவதி அவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணுக்கு அவர் தெளிவாகத் தெரிந்தார். அப்படியும் பிடித்த பிடியை அவள் விடவில்லை.

காரணத்தை மருமகன்தான் அங்கிருந்தபடியே கண்டுபிடித்தான். "மாமா, தூரிகை உங்களைப் பின்புலம்னு நெனச்சிருச்சு."

தூரிகையைத் தெரியாதவர்கள் இன்று யாரும் இல்லை. படத்தில் பின்னால் இருக்கும் வேண்டாததைத் துடைத்துவிட்டு வேண்டியதை வைக்கும் மென்பொருள். முழுக்க முழுக்க இலவசம். உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் கூடி எழுதியது. பேசினால் போதும், சுவரில் தொங்கும் லுங்கியைத் துடைத்துவிட்டு ஊட்டியை வைக்கும். ஆளையும் பின்புலத்தையும் பிரித்தறிய அதற்குள் ஒரு கண் உண்டு. அந்தக் கண்தான் அதன் உயிர். இலவசமாக ஒரு நல்ல கண் கிடைக்கும்போது சொந்தமாக எவன் செலவழித்துக் கண் செய்வான்? கதவு செய்தவன், கைப்பேசி செய்தவன், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் தானோட்டி வண்டி செய்தவன், எல்லோரும் அந்தக் கண்ணையே எடுத்துத் தங்கள் பொருளில் பொருத்திக்கொண்டார்கள். அந்தக் கண் வாரத்துக்கொரு முறை எல்லோருடைய படங்களிலிருந்தும் புதிதாகக் கற்றுக்கொள்ளும். படத்தில் அது யாரைப் பின்புலம் என்று முடிவு கட்டுகிறதோ, அவரை ஊரிலுள்ள ஒரு கேமராவும் ஆளாகக் கணக்கில் எடுக்காது. அவருக்குப் பின்னால் என்ன இருக்குமோ அதை நிரப்பிக் காட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும்.

"மாமா, எதுக்கும் ரோட்டுக்கு மட்டும் போகாதீங்க" என்றான் மருமகன்.

சொன்னால் கேட்கிற ஆளா அவர்? கதவு கம்பெனிக்கு நேரிலேயே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பிரபாவதி கூடவே ஓடினாள். பெருந்துறைச் சாலையில் கோடு போட்ட இடத்தில்தான் இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு செவலை நாய் சாலையைக் கடந்தது. வந்துகொண்டிருந்த தானோட்டிப் பேருந்து அந்த நாய்க்காக நின்றது. நாய் போனதும் புறப்பட்டது. எதிரே அர்த்தநாரி கையை உயர்த்திக்கொண்டு நடுச்சாலையில் நின்றார். பேருந்து வேகத்தைக் கூட்டியது.

பிரபாவதி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்த இழுப்பில் இருவரும் நடைபாதையில் விழுந்தார்கள். சட்டை முதுகில் கிழிந்துவிட்டது. பேருந்து ஒலிகூட எழுப்பவில்லை. அதன் கணக்கில் சாலை காலியாக இருந்தது.

"நாய்க்கு நின்னுதே பிரபா" என்றார் அவர். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகும் சொன்னார்.

தூரிகைக்குக் கம்பெனி கிடையாது, அலுவலகம் கிடையாது. இலவசப் பொருளில் யார் சட்டையைப் பிடிப்பது? நிறைமதி புனேவில் உட்கார்ந்து தேடி, தமிழ்ப் பேச்சைத் தூரிகைக்குப் புரியவைக்கும் பொறுப்பை ஏற்றிருந்த தன்னார்வலர் ஒருவரைப் பிடித்துவிட்டாள். பெயர் வில்லவன்கோதை. மலேசியாவில் ஈப்போவில் பல் மருத்துவர். சுவர்த்திரையில் வெள்ளை அங்கியோடு தோன்றினார். அவருக்குப் பின்னால் பல் பிடுங்கும் நாற்காலி இருந்தது.

"வணக்கம் அம்மையே. தங்கள் கணவர் இப்போது அங்கே இருக்கிறாரா?"

"இருக்கறேனுங்க" என்றது சோபா.

மருத்துவர் கொஞ்சம் வெளிறிப் போனார். சமாளித்துக்கொண்டு எதையோ தட்டித் தேடினார். "ஊரார் துடைப்பதென்றால் நூறு பேராவது துடைக்க வேண்டும். நெருங்கிய உறவினர் சொன்னால் ஒரு சொல் போதும். இவரை ஒரே சொல்லில் துடைத்திருக்கிறார்கள்."

உறவினர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி இப்படி ஒரு விதியை எழுதியவர்களுக்குச் சொந்தபந்தமே கிடையாது போலிருக்கிறது.

"யாருங்க அந்த உறவுக்காரங்க?" என்றாள் பிரபாவதி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு. "எந்தக் கழிசடைங்க?"

மருத்துவர் தயங்கினார். பிறகு நிறைமதியின் கல்யாண மண்டபத்தில் பதிவான குரலை ஒலிக்கவிட்டார். நாதசுரத்துக்கும் பந்தி இரைச்சலுக்கும் நடுவில் அது பிரபாவதியின் குரல்தான்: "அதோ அங்க நிக்கறாரே, எங்க வீட்டுக்காரரு. அவரையும் எடு கண்ணு."

அதைத் தொடர்ந்து மண்டபத்தில் தானாகப் படம் பிடிக்க நிறுத்தியிருந்த படத்தூணின் குரல் பணிவாகச் சொன்னது: "எடுத்துவிட்டேன்."

பிரபாவதி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "போட்டோதானுங்க எடுக்கச் சொன்னேன்! அவரையும் சேத்து எடுன்னுதானுங்க சொன்னேன்!"

"தாங்கள் 'படம்' என்ற சொல்லைச் சொல்லவில்லையே அம்மையே. வெறுமனே 'எடு' என்றால் நீக்கு என்றுதான் பொருள் கொடுத்திருக்கிறேன்."

"எடுன்னா எடுக்கறதுதானுங்களே! ஒலகத்துக்கே தெரியுமே!"

"நான் பல் மருத்துவன். என்னிடம் வருகிற ஒவ்வொருவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு 'இதை எடுங்கள்' என்றுதான் சொல்கிறார். ஒருவர்கூட அதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதில்லை." அவர் குரல் தழுதழுத்தது. "உண்மையில் 'படம் எடு' என்பதையே நான் ஒப்புக்கொள்ளவில்லை. படம் எடுப்பது பாம்பு. மனிதர்கள் படம் பிடிக்கத்தான் வேண்டும் என்று வாதாடினேன். குழுவில் தோற்றேன். வெறும் 'எடு' மட்டும் என் பங்குக்கு மிஞ்சியது."

அர்த்தநாரி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"பிரபா, அந்தப் படம் நம்மூட்டு ஆல்பத்துல இருக்குதல்ல? குடும்பப் படம். சொவத்துலயே போட்டுப் பாத்தியே. அதுல நானில்லியே. உனக்கு ஒண்ணும் தோணலியா?"

"பந்திப்பக்கம் போயிருப்பீங்கன்னு நெனச்சனுங்க. எப்பவும் அப்படித்தானே போவீங்க."

"வந்து நின்னேன் பிரபா. உம்பக்கத்துல தோளோட தோளா நின்னேன்."

பிரபாவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. மெஷின் துடைத்தது பெரிதில்லை. அந்தப் படத்தைப் பத்து தடவை பார்த்தும், ஊரெல்லாம் அனுப்பியும், இவர் எங்கே என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லையே. முகத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டு, "என்ற அண்ணன் வந்திருந்தா இப்படி ஆயிருக்காதுங்க" என்றாள் மருத்துவரிடம், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பது போல. "அதுக்கு மச்சான்னா உசுரு. இழுத்து முன்னால நிறுத்தியிருக்கும். தாய்மாமன், ஒரே மருமவ கல்யாணத்துக்கு வரல. சீர் செய்ய ஆளில்லாம என்ற புள்ள மணவறைல உக்காந்திருந்துச்சு."

அர்த்தநாரி தரையைப் பார்த்தார்.

அண்ணன் சென்னியப்பன் அந்தியூர்ப் பக்கத்தில் தோட்டம் பார்த்துக்கொண்டிருக்கும் தனிக்கட்டை. போன வருஷம் இந்த வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர், லிஃப்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, நாளைக்கு ஒண்ணுன்னா இதுல படுக்க வெச்சு எறக்க முடியாதே" என்று விருந்தினர் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார். நல்ல நாளில் கேட்கிற கேள்வியா அது! அதற்குப் பிறகு அர்த்தநாரி அவரோடு பேசவில்லை. பிரபாவதி எத்தனை தடவை கூப்பிட்டும் அண்ணன் கைப்பேசியை எடுக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க நேரில் போனபோது வீடு பூட்டியிருந்தது. தாம்பூலத்தோடு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

"இவர் ஒருவரை மட்டும் திருப்பிக் கொண்டுவர வழியில்லை" என்றார் மருத்துவர். "தூரிகைக்கு ஆள் பெயர் தெரியாது. சொல்தான் தெரியும். 'எடு' என்ற சொல்லின் பொருளை நான் மாற்றினால், தமிழில் இதுவரை யார் எங்கே 'எடு' என்று சொல்லியிருந்தாலும் எல்லாம் திரும்பிவிடும். வேண்டுமென்றே நீக்கியவையும் வந்துவிடும். எல்லாம் படத்தில் வேண்டிய ஆட்கள் என்று ஆகிவிடும். யோசித்துச் சொல்லுங்கள்."

"இதுல யோசிக்க என்ன இருக்குதுங்க? வரட்டும், எல்லாம் வரட்டும்" என்றாள் பிரபாவதி. "பஸ்சு நாய்க்கு நிக்குது, என்ற வீட்டுக்காரருக்கு நிக்கலீங்க."

அர்த்தநாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார்.

மருத்துவர் சொல்லை மாற்றினார். அந்தக் கண்ணுக்கு அடுத்த வாரப் பாடம் போகும் வரை அர்த்தநாரி வீட்டை விட்டு இறங்கவில்லை. போன பிறகு நடந்த கூத்தை ஊரே பார்த்தது. தமிழர்கள் தங்கள் படங்களிலிருந்து இத்தனை காலம் எடுத்தெறிந்ததெல்லாம் ஒரே காலையில் ஆளாகிவிட்டது. தானோட்டிப் பேருந்துகள் குப்பைமேட்டுக்கு நின்று கதவைத் திறந்து, "ஏறுங்கள்" என்று காத்திருந்தன. நகைக்கடைக் கதவு எதிரிலிருந்த மின்கம்பத்துக்கு "வாங்க, வாங்க" என்று இடைவிடாமல் திறந்து மூடியது. அதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வீடு ஆல்பங்களில் ஆட்கள் திரும்பியிருந்தார்கள். இரண்டாம் கல்யாணத்தில் சந்தோஷமாக இருந்தவர்களின் சுற்றுலாப் படங்களில் முதல் மனைவி ஐஸ்கிரீமோடு நின்றாள். நிறம் கம்மி என்று துடைக்கப்பட்ட தங்கைகள் அக்காவின் நிச்சயதார்த்தப் படத்துக்குள் மறுபடி நுழைந்தார்கள். பக்கவாதம் வந்து கோணிய வாயோடு ஒரு தாத்தா, பேரனின் பட்டமளிப்புப் படத்தில் பெருமையாகச் சிரித்தார். பல வீடுகளில் அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. தாங்கள் இத்தனை பேரை எடுத்திருக்கிறோமா என்று மக்களுக்கே திகைப்பாக இருந்தது.

இங்கே முகக்கதவு அர்த்தநாரிக்குத் திறந்தது. ஒருமுறை வெளியே போய் உள்ளே வந்து பார்த்தார். கைப்பேசியும் திறந்தது. பிரபாவதி சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, கல்யாண ஆல்பத்தைச் சுவர்த்திரையில் போட்டு உட்கார்ந்தாள். குடும்பப் படத்தில் அவர் இருந்தார். தோளோடு தோளாகத்தான் நின்றிருந்தார், பட்டுவேட்டியில், மூக்கில் வியர்வையோடு. அவள் அந்த மூக்கைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள். "இனி ஒரு படம் பாக்கியில்லாம பாக்கறனுங்க, பாருங்க" என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"போதும் பிரபா, அப்பறம் பாக்கலாம். காப்பி போடு."

"இருங்க."

நிறைமதியின் தோழி ஒருத்தி மண்டப வாசலில் தன்னைத் தானே பிடித்துக்கொண்ட படம் வந்தது. முன்பு அதில் அவள் முகமும், பின்னால் காலியான வாசலும்தான் இருந்தன. இப்போது வாசலில் இரண்டு பேர் இருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தவர் அர்த்தநாரி. மூடிய கதவுக்கு வெளியே, பட்டுச்சேலையும் மாலையும் வைத்த சீர்த்தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சென்னியப்பன் நின்றிருந்தார். புதுச்சட்டை போட்டிருந்தார். சட்டையில் கடைக்காரன் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை.

பிரபாவதி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"வந்திருக்குது" என்றாள். "என்ற அண்ணன் வந்திருக்குதுங்க. தட்டோட வந்திருக்குது."

அடுத்த படங்களையும் தள்ளினாள். விருந்தினர்கள் வரும்போது கதவு திறந்து, அவர்கள் போனதும் மூடியது. சென்னியப்பன் அதே இடத்தில் இருந்தார். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, யாரோ வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தில் அவர் படியில் உட்கார்ந்திருந்தார். தட்டு மடியில் இருந்தது.

"கதவு அவருக்குத் தெறக்கல பிரபா" என்றார் அர்த்தநாரி. "போன வருஷம், புதுமனை அன்னிக்கு, கோவத்துல நம்ம படத்துல இருந்து இவன எடுன்னு சொல்லீட்டேன். படத்துல இருந்து மட்டுந்தான்னு நெனச்சேன். ஃபோனும் அதனாலதான் அவரு எடுக்கல போல. சத்தியமா எனக்கு இதெல்லாம் தெரியாது."

பிரபாவதி திரும்பவில்லை. முதல் படத்துக்கே மறுபடி போனாள். கணவருடைய முகத்தைப் பெரிதாக்கினாள். சுவர் முழுக்க அந்த முகம் நிறைந்தது. கூப்பிய கைகளுக்கு மேலே அவர் கண்கள் தோழியைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சென்னியப்பனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தன.

"அது கதவு. அதுக்கு ஆளு தெரியாது" என்றாள். "உங்களுக்குமா தெரியல?"

அர்த்தநாரி திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வாங்க மச்சான்னு ஒரு சொல்லு. அந்த ஒரு சொல்லுக்குத்தானுங்களே பந்தி முடியற வரைக்கும் நின்னுருக்குது?"

"கதவு தானாத் தெறக்குமே, வந்தா வரட்டும், நாம என்னத்துக்குக் கூப்படறதுன்னு…" என்று இழுத்தார்.

அவள் உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தியூருக்குத்தான் கிளம்புகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. "நானும் வாரேன் பிரபா" என்று எழுந்து அவளுக்கு முன்னால் போய் நின்றார். போட்டிருந்த வீட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல், "காலுல வேணும்னாலும் விழுந்தர்றேன், கூட்டிட்டுப் போ" என்றார்.

பிரபாவதி அவர் நின்ற பக்கம் பார்த்தாள். அவருக்குப் பின்னால் சுவரில் நாட்காட்டி மாட்டியிருந்தது. இன்றைக்கு ராகுகாலம் முடிந்துவிட்டதா என்று அதில் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.